இருபத்தொரு கியர் சம்பந்தி

கியர் சைக்கிள்காரர் என்று ஓர் இனம் நம் மாவட்டத்தில் பெருகிவருவதைக் கவனித்திருப்பீர்கள். சாதாரணமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களை இதில் சேர்த்துவிடாதீர்கள். பால்காரரும் தபால்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சைக்கிளில் ஏறி ஓர் இடத்துக்குப் போகிறார்கள், போனதும் இறங்கிவிடுகிறார்கள், விஷயம் அதோடு முடிந்தது. நான் சொல்லும் மனிதர் இறங்குவதே இல்லை. வீட்டுக்குள் வந்து, குளித்து, வேட்டி கட்டி, இலைக்கு முன்னால் உட்கார்ந்து, முதல் கவளத்தை வாயில் வைத்த பிறகும் அவர் சைக்கிளில்தான் இருப்பார். நீங்கள் பக்கத்து இலையில் மாட்டிக்கொண்டால், சாம்பார் முடிந்து ரசம் வருவதற்குள் உங்களைத் திருவதிகை வரைக்கும் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார், எந்தெந்தத் திருப்பத்தில் கியர் மாற்றினார் என்கிற விவரத்தோடு.

ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, கொஞ்சம் நடங்க என்று டாக்டர் சொல்லியிருப்பார். சைக்கிள் இவராகச் சேர்த்துக்கொண்டது. அதைச் சைக்கிள் என்று சொன்னால் முகம் சுருங்கும். வண்டி என்று சொல்ல வேண்டும். உங்கள் சைக்கிளை எங்கேயாவது நிறுத்தினால் கேட்காமலே வந்து டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, பிழைக்க மாட்டார் என்று கைவிரிக்கும் டாக்டரைப் போலத் தலையாட்டுவார். சீட்டு உயரம் தப்பு என்பார். சிறுவயதிலிருந்து நீங்கள் மிதித்துவந்த முறையே தப்பு என்பார். எல்லாம் கியரில்தான் இருக்கிறது என்பது அவருடைய தாரக மந்திரம். முழங்கால் வலி, வாயுத்தொல்லை, மின்வெட்டு, பிள்ளைக்குக் குறைந்துபோன மதிப்பெண், எதைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் அவரிடமிருந்து திரும்பி வருவது இந்த ஒரே விடைதான்.

எடை விஷயத்தில் இவர் காட்டும் அக்கறை தனி. வண்டி லேசாக இருக்க வேண்டும் என்று மணியைக் கழற்றுவார், மட்கார்டைக் கழற்றுவார், ஸ்டாண்டைக் கழற்றுவார். அப்படி மிச்சம் பிடித்த எடை அத்தனையையும் திருப்பாதிரிப்புலியூரில் ஏதாவது ஓர் ஓட்டலில் பூரியும் கிழங்குமாக வயிற்றில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். ஸ்டாண்டு இல்லாத வண்டியைச் சாய்த்துவைக்க ஒரு சுவர் வேண்டும். சுவர் இல்லாத இடத்தில் பெண்டாட்டி வேண்டும்.

மலை வேறு வேண்டும் இவருக்கு. கடலூரில் மலைக்கு எங்கே போவது? ஒரு பக்கம் கடல், மீதி மூன்று பக்கமும் கரும்பும் நெல்லும் படுத்துக்கிடக்கும் சமவெளி. கெடிலமும் பெண்ணையாறும் வெள்ளாறும் ஓடிவந்து ஓய்ந்துபோய் உட்காருகிற இடம். மலை என்று பெயர் வாங்கியது கேப்பர் மலை ஒன்றுதான். அதுவும் செம்மண் மேடு. மேலே மத்தியச் சிறை இருக்கிறது. ஜட்ஜு சொல்லி அந்த மேட்டில் ஏறியவர்கள் உண்டு. அங்கே உத்தியோகம் கிடைத்து ஏறியவர்கள் உண்டு. ஆசைப்பட்டு ஏறுகிறவர் நம் கியர் சைக்கிள்காரர் மட்டும்தான். ஏறிவிட்டு, மூச்சு வாங்க, கண்ணில் பூச்சி பறக்க, ஹேண்டில்பார்மேல் கவிழ்ந்துகிடந்தபடி, எதிரே வருகிற முந்திரிக்கொட்டை வியாபாரியிடம் இதெல்லாம் ஒரு ஏற்றமா என்று கேட்பார்.

பொதுவாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆளைக் காட்டுகிறேன்.

எங்கள் மஞ்சக்குப்பத்துத் தெருவில் சுப்புராயன் என்று ஒருவர் இருக்கிறார். ஓர் அரசாங்க ஆபீசில் சூப்பரின்டெண்டெண்ட். இரண்டாயிரத்துப் பத்து தீபாவளிக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அப்பாவின் சர்க்கரையை நினைத்து ஒரு கியர் சைக்கிளை வாங்கி ரயிலில் போட்டுக் கொண்டுவந்தான். இருபத்தொரு கியர். அதுவரைக்கும் சுப்புராயன் நல்ல மனிதர். தெருவில் எதிர்ப்பட்டால் சௌக்கியமா என்று கேட்பார், பதிலையும் காது கொடுத்துக் கேட்பார். பொங்கலுக்குள் அவரைப் பார்த்ததும் நாங்கள் செல்போனைக் காதில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டோம்.

மகன் சைக்கிளோடு அதற்கான உடுப்பையும் கொண்டுவந்திருந்தான். தொடையை இறுகப் பிடித்துக்கொள்ளும் கறுப்பு அரை டிரவுசர், உட்காருகிற இடத்தில் பஞ்சுத் திண்டு வைத்துத் தைத்தது. சுப்புராயன் அதை முதல்முறை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்த காலையில், கோலம் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி தங்கம்மாள் புள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். துவைத்தால் மொட்டை மாடியில் தன் புடவைக்கு அடியில் மறைத்துத்தான் காயப்போடுவார். ஒருநாள் காற்று புடவையைத் தூக்கிவிட்டது. இது யாருக்கு ஆபரேஷன் ஆனதற்கு என்று எதிர்வீட்டு அம்மா விசாரித்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுப்புராயனின் மகள் சத்யப்பிரியா சிதம்பரம் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் வாத்தியார். அதே இடத்தில் வேலை பார்த்த எழிலனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போய்விட்டது. எழிலனுக்குச் சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம். அவன் அப்பா சாமிக்கண்ணு பெரிய கரும்பு விவசாயி. ஊரில் மரியாதையான மனிதர், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அதிசயம். அம்மா ராசம்மாளுக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பமில்லை. தன் அண்ணன் அய்யனாரின் மகளைத்தான் மருமகளாகக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு எண்ணம். மகன் பிடிவாதமாக நின்றதால் அரைமனதோடு தலையாட்டிவிட்டு, நிச்சயதார்த்தத்தைப் பூவராகப் பெருமாள் இருக்கிற தங்கள் ஊரில்தான் வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டார். ஏதாவது ஒரு குறை கிடைத்தால் போதும், எல்லாவற்றையும் கலைத்துவிடலாம் என்று அண்ணனும் தங்கையும் காத்திருப்பதாக எங்கள் காதுக்கு வந்தது.

இரண்டாயிரத்துப் பதினொன்று வைகாசி, ஒரு வியாழக்கிழமை, ராகு காலம் தொடங்குவதற்குள் தட்டு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. தெருக்காரர்கள் எங்களையும் சேர்த்து எல்லாரும் போக வேன் பேசியாகிவிட்டது. அப்போதுதான் சுப்புராயன் தான் வேனில் வரப்போவதில்லை என்று அறிவித்தார். கடலூரிலிருந்து ஸ்ரீமுஷ்ணம் வரை ஆறும் ஏரியும் முந்திரிக்காடுமாக இப்படியொரு பாதை கிடைக்காதாம். விடியுமுன் கிளம்பினால் வேனுக்கு முன்னால் போய்ப் பந்தலில் உட்கார்ந்திருப்பாராம். தங்கம்மாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சத்யப்பிரியா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா, நாளைக்கு ஒருநாள் மட்டும் வேன்ல வாங்கப்பா."

"நீ எறங்கறப்போ கதவத் தொறந்து வுடறதே நானாதான் இருப்பேன், பாரேன்" என்றார் சுப்புராயன்.

துணைக்கு ஓர் ஆள் வேண்டும். தங்கம்மாளின் தம்பி கொளஞ்சியப்பன் மாட்டினார். கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் உரக்கடை வைத்திருப்பவர். கனத்த உடம்பு. அவருடைய சைக்கிள் அதைவிடக் கனம். யூரியா மூட்டை ஏற்றுவதற்கென்று பெரிய கேரியர் வைத்த பழைய சைக்கிள். தாய்மாமன் என்கிற முறையில் வேனில் முன்சீட்டு தனக்குத்தான் என்று சந்தோஷமாக இருந்தவரை, அக்கா கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு, நீயாவது கூடப் போடா என்று கேட்டுக்கொண்டதால் கிளம்பினார்.

சுப்புராயன் பட்டு வேட்டி சட்டையை வேனில் கொடுத்தனுப்பிவிட்டார். செல்போனையும் கொடுத்துவிட்டார். எடை.

நேரே வடலூர் ரோட்டைப் பிடித்திருந்தால் கதை வேறு. ஆனால் ஏற்றமில்லாத பயணம் பயணமே இல்லை என்று சொல்லி, மைத்துனரைக் கேப்பர் மலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். சும்மா ஏறிவிட்டு இறங்குவதற்காக. கொளஞ்சியப்பன் மேட்டில் பாதிவரை மிதித்தார், மீதியைத் தள்ளினார். மேலே சேர்ந்தபோது சுப்புராயனும் அப்போதுதான் வந்துசேர்ந்தார். நடுவில் எந்தக் கியரைப் போடுவது என்று யோசித்து, மாற்றி, செயின் கழன்று, அதை மாட்டிவிட்டு வந்த தாமதம். இப்படித்தான் அன்று முழுக்க நடந்தது. இறக்கத்தில் சிட்டாய்ப் பறப்பார். பிறகு பார்த்தால் ஒரு புளியமரத்தடியில் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். கொளஞ்சியப்பன் இரண்டு டீக்கடைகளில் நின்று டீயும் போண்டாவும் முடித்துக்கொண்டு நிதானமாக வந்து அவரைத் தாண்டிப் போவார்.

முந்திரிக்காட்டுக்கு நடுவே இறங்கும் அந்த வழி நிஜமாகவே அழகாகத்தான் இருந்ததாம். விழுந்துகிடந்த முந்திரிப்பழ வாசனை, செம்மண், குயில். எதையும் மாமா பார்க்கவில்லை, கையில் கட்டியிருந்த மீட்டரில் நாடித்துடிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கொளஞ்சியப்பன் பிற்பாடு சொன்னார். ஊர்களின் நாய்கள் அவரை வேறு ஒரு ஜந்து என்று முடிவுகட்டியிருந்தன. லாரிக்கும் டிராக்டருக்கும் தலையைக்கூடத் தூக்காத நாய்கள், உரக்கடைச் சைக்கிளை மோப்பம் பார்த்து மரியாதையாக அனுப்பிவைத்த நாய்கள், ஹெல்மெட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் அந்த டிரவுசரையும் கண்டதும் குடும்பத்தோடு கிளம்பி வந்தன. இதனால் சில ஊர்களை அவர் நல்ல வேகத்தில் கடந்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வடலூர் தாண்டி ஓர் ஏரிக்கரையில் நூறுநாள் வேலை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் மரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தொப்பியும் கண்ணாடியுமாக யாரோ கரைமேல் வருவதைப் பார்த்ததும் மாரியம்மாள் என்கிற மேஸ்திரி அம்மாள், ஆபீசர் வந்துட்டாரு என்று ஒரு குரல் கொடுத்தார். அவ்வளவுதான். வெற்றிலையைத் துப்பிவிட்டு எல்லாரும் மண்வெட்டியைத் தூக்கினார்கள். ஒரு வாரத்து மண் அப்போதே வெட்டப்பட்டது. சுப்புராயனுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. சைக்கிள் பயணத்துக்குக் கிராமத்து ஜனங்கள் எழுந்து நின்று மரியாதை செய்கிறார்களே என்று இறங்கி நின்று, உடற்பயிற்சி, தண்ணீர் குடிக்கும் முறை, கியரின் மகிமை ஆகியவைபற்றி ஒரு பிரசங்கம் செய்தார். பெண்கள் வாய்மூடிக் கேட்டார்கள். கடைசியில் மாரியம்மாள் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"அய்யா, அப்ப எங்களுக்கும் இந்த மாதிரி டவுசர் குடுப்பாங்களா?"

கொளஞ்சியப்பன் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் ஏரிக்கரையைவிட்டு இறங்கிவிட்டார். வெயில் ஏறியிருந்தது. சேத்தியாத்தோப்பை நெருங்கும்போது, பாலத்தைத் தாண்டினால் நேர்ரோடு, சீக்கிரம் வாங்க மாமா என்று அவர் அழைத்தார். சுப்புராயன் கைகாட்டி நிறுத்தினார். பாலத்துக்குப் போவதெல்லாம் சுற்றுவழியாம். இந்தப் பக்கமே வெள்ளாற்றங்கரையோடு போய், ஒரு கிராமத்துக்குப் பின்னால் ஆற்றில் இறங்கி ஏறினால் ஸ்ரீமுஷ்ணம் கைக்கெட்டும் தூரமாம். போயிருக்கிறாரா? இல்லை. பார்த்தாலே தெரிகிறதாம்.

"மாமா, நான் ஒன்னு சொல்றேன், கோச்சிக்காதீங்க" என்றார் கொளஞ்சியப்பன். "பொண்ணு அங்க காத்துகிட்டு கெடக்கும். ஆத்த இன்னொரு நாளைக்கிப் பாத்துக்கலாம்."

"நீ பாலத்துல வா மச்சான். நான் போயி பந்தல்ல ஒனக்கு எடம் போட்டு வைக்கிறேன்."

இருவரும் அங்கே பிரிந்தார்கள். கொளஞ்சியப்பன் சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். கண்டக்டரிடம் நல்லபடியாகப் பேசி உரக்கடைச் சைக்கிளைப் பஸ் கூரையில் ஏற்றிக் கட்டினார். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டார். எங்கள் வேன் ஸ்ரீமுஷ்ணத்தில் நின்றபோது அவர் முகம் கழுவி, விபூதி பூசி, பந்தலில் முதல் வரிசையில் பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். மாமா எங்கே என்று தங்கம்மாள் கேட்டதும்தான் அவருக்குச் சோடா புரையேறியது.

ஆற்றில் நடந்ததைச் சுப்புராயனே சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னதில் பெருமையைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் தருகிறேன். வைகாசியில் வெள்ளாறு என்பது மணல். பார்வைக்கு எட்டிய தூரம் வெள்ளை மணல், நடுவில் குட்டை குட்டையாகத் தண்ணீர். இறங்கியதும் மெல்லிய டயர் அச்சு வரைக்கும் புதைந்தது. முதல் கியர் போட்டார். இருபத்தொன்றாவது கியர் போட்டார். நடுவில் இருப்பதையெல்லாம் போட்டுப் பார்த்தார். மணல் எந்தக் கியருக்கும் மசியவில்லை. வேறு வழியில்லாமல் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார். உச்சிவெயிலில், கால் பொரிய, தன்னைச் சுமப்பதற்காக வாங்கிய வண்டியைத் தான் சுமந்துகொண்டு, அக்கரை இக்கரைபோலவே தூரத்தில் நிற்க, அவர் நடந்தார். ஒரு குட்டையில் கணுக்கால் ஆழம்தான் என்று நினைத்துக் காலை வைத்தார். இடுப்பு வரை சேறு. அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். ஒருநாள் மட்டும் வேனில் வாங்கப்பா என்று மகள் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது என்றார். உடனே, இருந்தாலும் அந்த வண்டியின் எடை குறைவு என்பது அங்கேதான் உபயோகப்பட்டது என்று சேர்த்துக்கொண்டார்.

கரையேறினால் சீமைக்கருவேலங்காடு. இரண்டு டயரும் போயின.

பந்தலில் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா இல்லாமல் எப்படித் தட்டு மாற்றுவது? தங்கம்மாள் கைபேசியில் கணவரைக் கூப்பிட்டார். மணி அவருடைய கைப்பைக்குள்ளேயே அடித்தது. ஐயர் இரண்டுமுறை வானத்தைப் பார்த்தார். உள்ளறையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த சத்யப்பிரியா, வாசல் தெரியும் ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழிலன் தெருமுனைக்கும் பந்தலுக்கும் நடந்து நடந்து வேட்டியெல்லாம் புழுதி. ராசம்மாள் ஒன்றும் பேசாமல் தூணில் சாய்ந்திருந்தார். பேச வேண்டியதை அவர் அண்ணன் அய்யனார் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார்.

"பொண்ணப் பெத்தவருக்கு இதுல இஷ்டம் இல்லன்னா வாய வுட்டு சொல்லிடணும். நம்ம வூட்டு வாசல்ல நம்மள காக்க வச்சி அவமானப்படுத்தக் கூடாது. நல்ல நேரம் போச்சின்னா போனதுதான். அப்புறம் நாங்க எங்க வழியப் பாத்துக்குவோம்."

இந்தச் சமயத்தில்தான் தெருக்கோடியில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

சுப்புராயன் வந்தார். தலையில் ஹெல்மெட். இடுப்புக்குக் கீழே வெள்ளாற்றுச் சேறு காய்ந்து வெடித்துப்போயிருந்தது. அந்தக் கறுப்பு டிரவுசரின் பின்பக்கத்தைக் கருவேல முள் கிழித்ததில் பஞ்சு வெளியே தொங்கியது. தோளில் சைக்கிள். பின்னால் ஊரின் நாய்களும் பிள்ளைகளும். மேளக்காரர் வாசிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கோலைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். சுப்புராயன் வழக்கம்போல ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஜன்னலில் மகளின் முகம் தெரிந்தது. கண்மை கரைந்திருந்தது. வாயை மூடிக்கொண்டார். வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டியைப்பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போனது அந்த ஒரு நிமிடம்தான்.

அய்யனார் தங்கையைப் பார்த்தார். இதைவிடப் பெரிய குறை ஒன்றைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. அப்போது மாப்பிள்ளையின் அப்பா சாமிக்கண்ணு நாற்காலியைவிட்டு எழுந்தார். நான் நிச்சயதார்த்தம் முடிந்துபோனது என்றே முடிவுகட்டிவிட்டேன். அவர் மெல்ல நடந்துவந்து சுப்புராயனுக்கு எதிரே நின்றார். அவருடைய தோளிலிருந்து சைக்கிளை இறக்கினார். ஒற்றைக் கையால் மேலே தூக்கி, கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்திப் பார்த்தார்.

"எத்தன கியரு?" என்றார்.

"இருவத்தொன்னு, சம்மந்தி" என்றார் சுப்புராயன்.

"என்னோடது இருவத்தி நாலு."

அந்த வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பூட்டிய அறை இருந்தது. உரமும் பம்புசெட்டுச் சாமானும் இருக்கிற அறை என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. சாமிக்கண்ணு இடுப்புச் சாவியால் அதைத் திறந்து, ஒரு பட்டுப்புடவையை விலக்கினார். உள்ளே சிவப்பாக ஒரு கியர் சைக்கிள் நின்றது. புதுச்சேரியில் வாங்கியதாம். பெரிய மனிதர் அரை டிரவுசரோடு போனால் ஊர் சிரிக்குமே என்று, யாரும் எழாத நேரத்தில் ஏரிக்கரைவரை ஓட்டிவிட்டு வந்து பூட்டிவைத்துவிடுவாராம். அவர் இயல்பிலேயே பேசாதவர் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தது தப்பு. பேச ஆள் கிடைக்காமல் இருந்திருக்கிறார். இப்போது ஆள் கிடைத்துவிட்டது.

இரண்டு பேரும் கொட்டகை வாசலில் குந்தி உட்கார்ந்தார்கள். டியூபைக் கழற்றி, வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடங்களைத் தேடி, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் காய்ந்த பிறகு ஒட்டுவதா காயுமுன் ஒட்டுவதா என்று வாதாடினார்கள். தங்கம்மாள் போய்க் கூப்பிட்டார். இதோ வந்துவிட்டோம் என்று இரண்டு குரல் கேட்டது. ஐயர் போய்க் கூப்பிட்டார். அவரைப் பம்பைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒட்டி முடித்ததும் ஓட்டிப் பார்க்க வேண்டாமா? கொல்லைப்புறத்தில் ஒரு சுற்று என்று ஆரம்பித்தது. கியர் அதிகம் என்றால் வேகமும் அதிகமா என்று ஒரு பேச்சு வந்தது. அடுத்து நாங்கள் பார்த்தது, இரண்டு சம்பந்திகளும் ஒருவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டும் மற்றவர் பஞ்சு பறக்கவும் சோழத்தரம் ரோட்டில் போய்க்கொண்டிருந்ததைத்தான்.

ராசம்மாள் தூணைவிட்டு வந்து, வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்த தங்கம்மாளின் பக்கத்தில் நின்றார். இருவரும் ரோட்டில் அடங்கிக்கொண்டிருந்த புழுதியைப் பார்த்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் ஒருவரோடொருவர் வாங்க, உட்காருங்க என்பதற்குமேல் பேசியதில்லை.

"உங்க வூட்லயும் இதே கதிதானா?" என்றார் ராசம்மாள்.

"ஸ்டாண்டு கெடையாது சம்மந்தி, அதுக்கு. கடைக்கிப் போனா நான்தான் புடிச்சிகிட்டு நிக்கணும்."

"அந்த ரூம்ல போத்தி வச்சிருந்தாரே, அது என் கல்யாணப் பொடவ. எங்கடா காணும்னு ஆறு மாசமா பீரோவக் கொடஞ்சிகிட்டு இருக்கேன்."

தங்கம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ராசம்மாள் பிடித்த கையை விடவில்லை. அப்படியே அவரை அழைத்துக்கொண்டு பந்தலுக்குள் வந்து, ராகு காலத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று ஐயரைக் கேட்டார். கொஞ்சம்தான் இருக்கிறது என்றார் ஐயர்.

"தட்ட எடுங்க. இவுங்க வரட்டும்னு ஒக்காந்திருந்தா பேரப்புள்ளைக்கி காது குத்தற நாளே வந்துடும்."

அய்யனார் எழுந்தார். ஆம்பளைகள் இல்லாமல் தட்டு மாற்றுவது எந்த ஊர்ப் பழக்கம் என்று கேட்டார். ராசம்மாள் திரும்பி அண்ணனைப் பார்த்தார். இந்த அம்மா என்ன பாடுபடுகிறாள் என்று எனக்குத்தான் தெரியும், நீ உட்கார் என்றார். சத்யப்பிரியாவையும் எழிலனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கொளஞ்சியப்பன் தாய்மாமனாக எழுந்து நின்றார். மேளக்காரர் வெளுத்து வாங்கினார். இரண்டு அம்மாக்களும் பாக்கு வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்டார்கள். ஆவணியில் கல்யாணம் என்று தேதி படித்தார்கள். என் வயதுக்கு எத்தனையோ நிச்சயதார்த்தம் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுருக்காக, ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் முடிந்ததைப் பார்த்ததில்லை.

முதல் பந்தி எழுந்து இரண்டாம் பந்தி போடும் நேரத்தில் அப்பாக்கள் திரும்பி வந்தார்கள். வேர்வை ஆறாய் ஓடியது. காலியான மேடையையும் மாறியிருந்த தட்டுகளையும் பார்த்ததும் இரண்டு பேருக்கும் முகம் தொங்கிப்போயிற்று. எல்லாம் முடிந்தது, கைகழுவிவிட்டு வாருங்கள் என்று தங்கம்மாள் அமைதியாகச் சொன்னார். சுப்புராயன் மகளைத் தேடி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மாடி என்றார்.

சத்யப்பிரியா அவரை மேலும் கீழும் பார்த்தாள். எழிலன் தோளில் இருந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"யாரு ஜெயிச்சீங்க?" என்றாள்.

"நான்தான்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

சிரிக்கிறீர்கள். எனக்குச் சைக்கிளே விடத் தெரியாது, இந்தக் கதை என்னைப்பற்றியது இல்லை என்று நிம்மதியாகவும் இருக்கிறீர்கள். சைக்கிளை விடுங்கள். வேறு ஏதோ ஒன்று இருக்கும். நீங்கள் வாங்கிய மனையாக இருக்கலாம். விட்டுவிட்ட காபியாக இருக்கலாம். உங்கள் கண்டுபிடிப்பான மூலிகைச் சாறாக இருக்கலாம். மொட்டைமாடியில் வளர்க்கிற கத்தரிச்செடியாக இருக்கலாம். அந்தப் பேச்சை எடுத்ததும் வீட்டில் ஒருவருக்கு அடுப்பில் பால் ஞாபகம் வரும், ஒருவருக்குப் பாடம் ஞாபகம் வரும், விருந்தாளிக்கு பஸ் ஞாபகம் வரும். அது எது என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

வேண்டாம், கேட்காதீர்கள். பதில் சொல்வதற்குள் நீங்கள் அதைப்பற்றியே பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.